தட்டில் எட்டு டீ, கிளையில் ஒன்பது பேர்: புதிய மேலாளருக்கு எந்த வழி, எப்போது?

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். வயது 29. நேரடித் தேர்வில் அதிகாரியாகச் சேர்ந்து, அடுத்த படியான ஸ்கேல் டூ ஆகி, ஒரு தாலுகா ஊரில் வங்கிக் கிளை மேலாளராகப் பொறுப்பேற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. "சார், பதினோரு மணிக்கு டீ வருது. தட்டுல எட்டு கிளாஸ். நாங்க ஒன்பது பேர்" என்றான். முதல் நாள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தானாம். மூன்றாவது நாள் புரிந்துவிட்டது.

டீயோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்டால் "முன்னாடி இருந்த சாருக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். கவுண்டரில் தீர்க்க வேண்டிய சின்னச் சிக்கலுக்கெல்லாம் "மேனேஜரைப் பாருங்க" என்று ஆளை அனுப்பிவிடுகிறார்கள். அவன் கேபின் வாசலில் எப்போதும் பத்துப் பேர். பணம் வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று அவனிடம், மற்றது ஹெட் கேஷியரிடம். அவர் பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் வண்டியை ஸ்டாண்டு போடுகிறார். பணம் எடுத்துக் கவுண்டருக்கு வர பத்தே கால் ஆகிவிடுகிறது. அதுவரை கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் முறைப்பது புது மேலாளரைத்தான்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். பொறுமையாக இரு என்கிறார் அப்பா. முதல் வாரத்திலேயே காட்டியிருக்க வேண்டும் என்கிறான் கூடச் சேர்ந்த நண்பன். எல்லாவற்றையும் எழுத்தில் போடு என்கிறார் பழைய பாஸ். மாறுதல் கேட்டு வந்துவிடு என்கிறாள் மனைவி. இதில் எது சரி என்று என்னிடம் கேட்டான்.

நான் 31 வருடம் வங்கியில் இருந்து, ஏழு கிளைகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது வங்கிக் கிளை என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். பள்ளிக்கூடமோ மில்லோ கொரியர் ஆபீஸோ, புதிதாகத் தலைமைக்கு வருபவர்கள் இதைத் தங்கள் இடத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளுக்குப் போகுமுன் ஒரு விஷயம். அதிகாரிகளுக்குப் பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுதல் வந்துவிடும். கிளார்க்குகள் அப்படியில்லை. அதே ஊரிலும் பக்கத்து ஊரிலுமாகப் பத்து இருபது வருடம் ஓட்டுவார்கள். அவர்கள் கணக்கில் நீங்கள் ஆறாவதோ ஏழாவதோ மேனேஜர். 'இவரும் போயிடுவார்' என்று அவர்கள் நினைப்பதைப் பகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்த்ததைத்தான் நினைக்கிறார்கள்.

இனி அளவுகோல்கள்.

தவறா, பழக்கமா? இதுதான் முதல் கேள்வி. பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வதும், சாவியை மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போவதும், பணத்தை எண்ணாமலே புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதும் தவறு. மதியம் எல்லோரும் ஒன்றாக எழுந்து சாப்பிடப் போவதும், கவுண்டர் மூன்றில்தான் உட்காருவேன் என்று ஒருவர் அடம்பிடிப்பதும் பழக்கம். புது மேலாளருக்கு முதல் வாரத்தில் இரண்டுமே ஒரே நிறத்தில் தெரியும். எரிச்சலில் இருக்கும்போது பழக்கம்தான் கண்ணை அதிகம் உறுத்தும்.

வேலையின் சூட்சுமம் யாரிடம்? எந்த வியாபாரி எந்தக் கிழமை சில்லறை கொண்டுவருவார், எந்த நகைக்கடனைச் சந்தை நாளுக்கு முன் திருப்ப வருவார்கள் என்பதெல்லாம் கணினியில் கிடையாது. அது ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. அந்த ஒருவரைப் பகைத்தால் எதை இழப்பீர்கள் என்று தெரிந்துகொண்டு பகையுங்கள்.

எந்த மாதத்தில் சேர்ந்தீர்கள்? பிப்ரவரியில் சேர்ந்தால் வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் 31 தலைக்கு மேல் நிற்கும். அக்டோபரில் சேர்ந்தால் நவம்பரில் ஓய்வூதியர்களின் உயிர்வாழ்ச் சான்று. ஜூனில் சேர்ந்தவருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் உண்டு.

திரும்ப எடுக்க முடியுமா? சொன்ன சொல்லை ஒரு மாதத்தில் சரிக்கட்டிவிடலாம். எழுதிக் கொடுத்த மெமோ ஃபைலிலேயே இருக்கும்.

அடி யார் மேல் விழும்? உங்களுக்கும் ஊழியர்களுக்கும் நடக்கும் இழுபறியில் கால் கடுக்க நிற்பவர் நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வந்த பாட்டியாக இருந்தால், அந்த இழுபறி ஒரு நாள்கூட நீளக் கூடாது.

## முதல் வழி: மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருப்பது

அப்பா சொன்னது. ஆட்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவைத்ததை நம்பாமல் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். முன்னவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது "அவரு டேஞ்சர், இந்தம்மா பரவால்ல" என்று ஒரு பட்டியல் கொடுப்பார். என் அனுபவத்தில் அதில் பாதி, அவருக்கும் அவர்களுக்கும் நடந்த பழைய சண்டையின் மிச்சம். அப்புறம், வெறுப்புக் காட்டுவதற்கும் தெம்பு வேண்டும். நீங்கள் பதிலுக்கு எதுவும் செய்யாவிட்டால் பலருக்கு ஆறேழு வாரத்தில் அலுத்துவிடும்.

இது நன்றாகப் பொருந்துவது, ஓடுகிற கிளை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்போது. முன்னவர் எல்லோருக்கும் பிடித்தவராக இருந்து, அவர் போன வருத்தம் உங்கள் மேல் திரும்பியிருந்தாலும் இதுவே வழி. இணைப்புக்குப் பின் வேறு வங்கியிலிருந்து வந்தவருக்கும் இதைத்தான் சொல்வேன். 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காயின. அதற்கப்புறம் பல கிளைகளில் மேலாளர் ஒரு வங்கிக்காரர், ஊழியர் இன்னொரு வங்கிக்காரர். அங்கே கோபம் உங்கள் மேல் இல்லை. வாசலில் மாறிய பெயர்ப்பலகை மேல். அதற்குக் காலம்தான் மருந்து.

ஆனால் சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த ஒவ்வொன்றும் நீங்கள் சம்மதித்ததாகக் கணக்காகிவிடும். எண்பதாவது நாள் ஒரு அடகு நகைப் பொட்டலம் குறைந்தால், "எனக்கு முன்னாடியே குறைஞ்சிருக்கும்" என்று சொல்ல முடியாது. பொறுப்பேற்கும்போது ரொக்கம், நகைப் பொட்டலங்கள், சாவிகள், கடன் ஆவணங்கள் எல்லாம் சரியாக இருப்பதாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆகவே எத்தனை பொறுமைசாலியாக இருந்தாலும் அந்தச் சரிபார்ப்பை மட்டும் முதல் சில நாட்களிலேயே, பொட்டலம் பொட்டலமாக, முடித்துவிட வேண்டும். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. பெண் மேலாளருக்கு வரும் எதிர்ப்பு சில இடங்களில் ஆபாசப் பேச்சாகவும் மாறும். அது பொறுத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதன்படி சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம். "மூணு மாசம் பாப்போம்" என்று இருந்தால் அந்தக் கெடுவும் சேர்ந்தே ஓடிவிடும்.

## இரண்டாவது வழி: முதல் வாரமே கயிற்றை இறுக்குவது

நண்பன் சொன்னது. இந்த வழியில் நான் ஒருமுறை ஜெயித்து, ஒருமுறை மண்ணைக் கவ்வியிருக்கிறேன். தோற்ற கதைதான் உபயோகமானது, அதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 34 வயது. ரயில்வே ஜங்ஷன் உள்ள ஒரு ஊர். அக்டோபரில் சேர்ந்தேன். ஹெட் கேஷியர் அந்த ஊரிலேயே வீடு கட்டி, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனும் எடுத்தவர். அவர் மேசையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். அட்டை கிழிந்து, கோந்து போட்டு ஒட்டியது. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, இது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. முதல் வாரக் கூட்டத்தில் மூன்று உத்தரவு போட்டேன். கவுண்டர்கள் இடம் மாறும், பென்ஷன் வேலை புதிதாக வந்த பெண்ணுக்கு, சொந்த நோட்டுப் புத்தகங்கள் மேசையில் இருக்கக் கூடாது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பலே என்று என்னை மெச்சிக்கொண்டேன்.

நவம்பர் பிறந்தது. அந்த மாதத்தில்தான் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். ஜங்ஷன் ஊர் என்றால் ரயில்வே பென்ஷன்காரர்கள் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே விரல் ரேகை வைத்துச் சான்று அனுப்பும் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில்தான் வந்தது. நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். பத்து மணிக்குள் வாசல் நிரம்பிவிட்டது. புதுப் பெண் ஒவ்வொருவரிடமும் பென்ஷன் புத்தகத்தை வாங்கி, எண்ணைப் பார்த்து, திரையில் தேடி, கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதிப் பேருக்குக் கை நடுக்கத்தில் கையெழுத்தே மாறியிருந்தது. ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் வெளியே ரிக்‌ஷாவில் ஒரு மணி நேரமாக இருக்கிறார் என்பதே எனக்குப் பதினொன்றரைக்குத்தான் தெரிந்தது.

ஹெட் கேஷியர் என்ன செய்துகொண்டிருந்தார்? நான் கொடுத்த வேலையை. பிசகில்லாமல். அதற்கு ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேலை நிறுத்தம் செய்தால் நடவடிக்கை எடுக்கலாம். சொன்னதை மட்டும் சொன்னபடி செய்பவரை என்ன செய்ய முடியும்?

ஒரு மணிக்கு அவர் இருக்கைக்கே போய், "அந்த நோட்டு எங்கண்ணே?" என்றேன்.

"வீட்ல இருக்கு சார். ஆபீஸ்ல வைக்கக் கூடாதுன்னீங்களே."

மறுநாள் கொண்டுவந்தார். என்னிடம் தரவில்லை, தன் மேசையிலேயே வைத்தார். பிறகொரு நாள் புரட்டிப் பார்த்தேன். பென்ஷன் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலில் குறிப்புகள். 'படி ஏற மாட்டார், ரிக்‌ஷாவிலேயே வாங்கிக்கொள்ளவும்.' 'இடது காது.' 'மகன் வந்தால் தரக் கூடாது, நேரில் மட்டும்.' இருபது வருடச் சேகரிப்பு. நான் அதைக் குப்பை என்று நினைத்திருந்தேன். விதிப்படி என் உத்தரவு தப்பில்லை, வாடிக்கையாளர் விவரம் தனி நோட்டில் இருக்கக் கூடாதுதான். ஆனால் அதை முறையான பதிவாக மாற்றச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் அவரையே வைத்து, டிசம்பரில். அவரோடு அந்தக் கசப்பு போக ஒன்றரை வருடம் பிடித்தது.

இனி ஜெயித்த கதை. வேறு கிளை. ஊழியர் பதிவு செய்வார், அதிகாரி சரிபார்த்து அனுமதிப்பார். இருவர் கண் பட வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. அங்கே அதிகாரியின் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் கிளார்க்கின் கீபோர்டுக்கு அடியில் இருந்தது. கூட்ட நேரத்தில் வசதியாம். இரண்டாவது நாளே நிறுத்தினேன். நான்கு மாதம் யாரும் என்னோடு சிரித்துப் பேசவில்லை, கிளையில் வேலை மெதுவானது, வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். ஆனால் அதில் நான் ஒரு நாள்கூட வருந்தியதில்லை. தப்பு நடந்தால் அனுமதி கொடுத்ததாக மாட்டப்போவது பாஸ்வேர்டுக்குச் சொந்தக்காரர். அதை அந்த அதிகாரியிடம் தனியே உட்காரவைத்துச் சொன்னேன். அவருக்கு வேர்த்துவிட்டது.

இரண்டிலும் காட்டிய கண்டிப்பு ஒன்றேதான். ஒன்றில் பழக்கத்தை அடித்தேன், மற்றதில் தவறை. கயிற்றை இறுக்குவது என்று முடிவு செய்தால் ஒன்றிரண்டு விஷயத்தில் மட்டும் இறுக்குங்கள், அவை கேள்வி கேட்க முடியாதவையாக இருக்கட்டும். பத்து உத்தரவு போட்டால் பத்தாவதோடு சேர்த்து முதல் உத்தரவையும் மதிக்க மாட்டார்கள்.

சட்டப் பக்கமும் ஒரு முள் உண்டு. வேலை நேரம், இடைவேளை போன்ற பணி நிபந்தனைகளை நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு, தொழிலாளர்களுக்குப் பாதகமான அத்தகைய மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. பின்னால் வந்த 2020 தொழிலுறவுத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. "நாளையிலிருந்து லஞ்ச் அரை மணிதான்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டும் மேலாளர், ஊழியர் சங்கத்துக்கு லட்டு மாதிரி ஒரு பிடி கொடுக்கிறார்.

## மூன்றாவது வழி: ஆள் ஆளாகப் பேசுவது

தம்பிக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

'ஸ்டாஃப் எல்லாரும் எனக்கு எதிரா இருக்காங்க' என்பது மேலாளரின் கேபினுக்குள் இருந்து பார்த்தால் தெரியும் காட்சி. எட்டுப் பேரும் ஒரே காரணத்துக்காக எதிர்ப்பதில்லை. பெரும்பாலும் ஒருவர் அந்த நாற்காலியை எதிர்பார்த்தவர். மூன்று நான்கு மாதம் பொறுப்பு மேலாளராக இருந்து, தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் வைத்திருப்பார். ஒருவர் முன்பு ஏதோ ஒரு மேலாளரிடம் அவமானப்பட்டவர். ஒருவர் எதையோ மறைக்கிறவர். மீதி ஐந்து பேர் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு உங்கள் மேல் எந்தக் கோபமும் கிடையாது. உங்களுக்கு டீ சொன்னால் நாளை யார் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான்.

நாற்காலியை எதிர்பார்த்தவரிடம் ஆறுதல் பேசாதீர்கள், அது இன்னும் எரியும். உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். ஆடிட்டர் வரும்போது முன்னால் நிற்பது, பெரிய கடன்காரரைப் பார்க்கப் போகும்போது கூட வருவது, இப்படி ஊர் கண்ணுக்குத் தெரிகிற பொறுப்பாக இருக்க வேண்டும். அவமானப்பட்டவரிடம் மற்றவர்கள் முன்னால் எதையும் கேட்காதீர்கள். பேச்சு கேபினில் வேண்டாம். கேபினுக்குக் கூப்பிட்டால் அது விசாரணை. அவர் இருக்கைக்குப் போய், நின்றபடியே, உங்களுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். தெரிந்துகொண்டே கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறைக்கிறவரைக் கண்டுபிடிப்பது சிரமம், ஏனென்றால் பெரும்பாலும் அவர்தான் உங்களிடம் இனிப்பாகப் பேசுவார். ஒரு அடையாளம் உண்டு: லீவே எடுக்க மாட்டார். ரிசர்வ் வங்கி இதற்காகவே, பணமும் பொறுப்பும் புழங்கும் இடங்களில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்குக் குறையாத விடுப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துங்கள். யார் மேலும் விரல் நீட்டத் தேவையில்லை.

இந்த வழிக்கும் விலை உண்டு. முதல் விலை நேரம். எட்டுப் பேரிடம் ஒழுங்காகப் பேச ஒன்றரை மாதம் ஆகும், அதற்குள் மேலிடம் டெபாசிட் இலக்கு எங்கே என்று கேட்கும். இரண்டாவது, வாக்குறுதி. மனம் விட்டுப் பேசும் சூட்டில் "உங்க மகன் ஊருக்கே டெபுடேஷன் வாங்கித் தரேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோம். அந்த அதிகாரம் கிளை மேலாளருக்குக் கிடையாது. அது நடக்காதபோது பழைய பகையே மேல் என்று ஆகிவிடும். மூன்றாவது, வாசல்காரர். சங்கச் செயலாளர் ஒருவரைப் பிடித்தால் எல்லாரையும் பிடித்த மாதிரி என்று நினைத்து அவர் வழியாகவே எல்லாவற்றையும் செய்தால், ஆறு மாதத்தில் கிளையில் இரண்டு மேனேஜர் இருப்பார்கள். ஒருவர் கேபினில், ஒருவர் கவுண்டரில்.

## நான்காவது வழி: எழுத்தில் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவது

வங்கிக் கிளார்க்குகளை இன்றும் 'அவார்டு ஸ்டாஃப்' என்றுதான் அழைக்கிறார்கள். அவார்டு என்றால் தீர்ப்பு. தொழில் தீர்ப்பாயங்கள் கொடுத்த 1953-ன் சாஸ்திரி தீர்ப்பும் 1962-ன் தேசாய் தீர்ப்பும் தந்த பெயர் அது. 1966 முதல் சம்பளமும் பணி நிபந்தனையும் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் போடும் இருதரப்பு ஒப்பந்தங்களில்தான் முடிவாகின்றன. ஒழுங்கு நடவடிக்கைக்கு என்றே 2002 ஏப்ரல் 10 தேதியிட்ட தனி ஒப்பந்தம் இருக்கிறது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எதிர்த் தரப்புக்கு இந்த விதிகள் மனப்பாடம். நீங்கள் கோபத்தில் எழுதும் மெமோவில் தேதி ஒன்று தவறாக இருந்தாலும் அதைக் கண்ணாடி போட்டுப் படிப்பார்கள். தண்டனை கொடுக்கும் அதிகாரமும் பெரும்பாலும் கிளை மேலாளரிடம் இல்லை. நீங்கள் அறிக்கைதான் அனுப்பலாம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் தாமதமாக வந்ததற்கெல்லாம் மெமோ கொடுத்தார். பதில், பதிலுக்குப் பதில், சங்கத்தின் கடிதம் என்று ஃபைல் தடித்தது. வட்டார அலுவலகத்தில் அது எட்டு மாதம் கிடந்தது. ஃபைல் நகர்வதற்குள் அவரே நகர்ந்துவிட்டார். மேலே இருப்பவர்கள் அந்தத் தடித்த ஃபைலில் ஊழியரின் குற்றத்தைப் பார்க்கவில்லை. 'இவருக்கு ஆளை வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை' என்று பார்த்தார்கள்.

இருந்தாலும் இதைத் தவிர வேறு வழியே இல்லாத நேரங்கள் உண்டு. பணம் குறைவது, போலிக் கையெழுத்து, மிரட்டல், கை ஓங்குவது, சாதியைச் சொல்லித் திட்டுவது. இவற்றில் பேசித் தீர்த்தேன் என்று பெருமைப்பட ஏதுமில்லை. அன்றே, தேதி நேரத்தோடு, உணர்ச்சி இல்லாமல், நடந்ததை மட்டும் எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால் நீங்களும் உடந்தை.

உங்கள் மேலேயே மொட்டைக் கடிதாசி போகலாம். அதற்கு அதிகம் கலங்க வேண்டாம். பெயரில்லாத புகார்களின் மேல் நடவடிக்கை கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. யார் எழுதியது என்று கிளைக்குள் துப்பறிவதுதான் ஆபத்து. நான் அதைச் செய்து, சம்பந்தமே இல்லாத ஒருவரை ஒரு வருடம் சந்தேகித்திருக்கிறேன்.

## ஐந்தாவது வழி: மாறுதல் கேட்பது

மனைவி சொன்னது. உடம்பு கெடுகிறது, தூக்கம் இல்லை என்றால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றபடி மூன்று வாரத்தில் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் அடுத்த கிளைக்கு உங்களுக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் விலை | திரும்ப எடுக்க முடியுமா | பலன் தெரிய |
|---|---|---|---|---|
| பார்த்துக்கொண்டிருப்பது | கிளை நன்றாக ஓடும்போது, இணைப்புக் கிளை, அன்பான முன்னவர் | கண்டும் விட்டது உங்கள் பொறுப்பாகும், கெடு ஓடும் | முடியும் | 2–3 மாதம் |
| கயிற்றை இறுக்குவது | சாவி, ரொக்கம், பாஸ்வேர்டு | சொன்னதை மட்டும் செய்வார்கள். சூட்சுமம் மூடிக்கொள்ளும் | பாதி | உடனே, ஆனால் கசப்போடு |
| ஆள் ஆளாகப் பேசுவது | எதிர்ப்புக்குப் பல காரணங்கள் இருக்கும்போது | நேரம், வாக்குறுதி, வாசல்காரர் | முடியும் | 6 வாரம் முதல் |
| மேலிடத்துக்கு எழுதுவது | மோசடி, மிரட்டல், சாதி, பாலியல் தொல்லை | உங்கள் பெயருக்கும் ஒரு கறை. மாதக்கணக்கு | முடியாது | தெரியாது |
| மாறுதல் | உடல்நலம் கெடும்போது | செய்தி முன்னே போகும் | முடியாது | கிடைத்தால் உடனே |

## தம்பிக்குச் சொன்னது

அவன் கதையை இந்த அளவுகோல்களில் வைத்துப் பார்த்தோம். டீ, பழக்கம்கூட இல்லை, வெறும் சீண்டல். அதை விட்டுவிடு, பிளாஸ்க்கில் கொண்டு போய்க் குடி என்றேன். கேபினுக்கு ஆள் அனுப்புவதற்கு ஒரே பதில்தான்: வந்தவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கவுண்டருக்கே நடந்து போய், "அண்ணே, இதை எப்படிச் செய்யணும், எனக்கும் காட்டுங்க" என்று பக்கத்தில் நிற்பது. நாலு நாள் நின்றால் அனுப்புவது குறையும். பழைய ரிஜிஸ்டர் விவகாரம் மட்டும் எனக்கு இடித்தது. எந்த ரிஜிஸ்டர் என்று கேட்டேன். நகைப் பொட்டலங்களின் இருப்பு ரிஜிஸ்டர். பொட்டலங்களை எண்ணிவிட்டாயா என்றேன். பாதிதான் எண்ணியிருக்கிறான், கூட்டம் அதிகமாம். இன்று சாயங்காலமே ஆரம்பி, முடிக்காமல் வேறு எந்தச் சண்டையும் போடாதே என்றேன்.

மிச்சம் இருந்தது சாவி. பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் வருபவர் தாமதமாக வரவில்லை. மெமோ கொடுத்தால் நிற்காது. ஆனால் வெளியே காத்திருப்பவர் பாதிக்கப்படுகிறார், அதனால் விட்டுவிடவும் முடியாது. தனியே, அவர் இடத்துக்குப் போய், நேரத்தைப் பற்றிப் பேசாமல், காலையில் முதலில் வருகிறவர்கள் யார், எதற்கு வருகிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். பால் சொசைட்டிக்காரர்கள், பட்டுவாடா பணம் எடுக்க வருகிறார்கள், பத்தரைக்கு அவர்கள் வண்டி கிளம்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார். "தெரிஞ்சுக்கிட்டேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

நேற்று மறுபடி பேசினான். பொட்டலங்கள் சரியாக இருக்கின்றன, ரிஜிஸ்டர் ஒரு பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. ஹெட் கேஷியர் இன்னும் வேலை விஷயம் தவிர அவனோடு பேசுவதில்லை. டீயும் எட்டுதான். சாவி மட்டும் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுகிறதாம்.